பையின் பின்மூலை

நான் வேலை பார்ப்பது ஒரு தோல் பரிசோதனைக் கூடத்தில். செருப்பு, பெல்ட், சோபா உறை, கைப்பை என்று தோலில் செய்த எது வந்தாலும் அதைக் கெடுத்துப் பார்ப்பதுதான் எங்கள் தொழில். இழுப்போம், மடிப்போம், நனைப்போம், விளக்கு வெளிச்சத்தில் நாள்கணக்கில் வாட்டுவோம். என் பங்கு தேய்ப்பது. சின்ன இயந்திரம்தான். அதன் நுனியில் ஒரு கம்பளித் துண்டைச் செருகிவிட்டால் தோலின் மேல் முன்னும் பின்னுமாகப் போய்வரும். ஐந்நூறு தடவை, ஆயிரம் தடவை, எவ்வளவு சொல்கிறோமோ அவ்வளவு. பிறகு கம்பளியில் எவ்வளவு சாயம் ஏறியிருக்கிறது, தோலில் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவேன். பதினோரு வருஷமாக இதையே செய்வதால் எனக்குத் 'தேய்ப்பு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. தொலைபேசியில்கூட "தேய்ப்பு இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். ஆரம்பத்தில் கோபம் வந்தது. இப்போது யாராவது நிஜப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத் தோன்றுவதில்லை.

அந்தப் பை ஒரு திங்கட்கிழமை காலை வந்தது. பெட்டிக்குள் வெள்ளைத் துணி உறை, உறைக்குள் பை. பேர்போன கம்பெனி. விலையைச் சொன்னால் என் வீட்டுக்காரர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார். அடர்ந்த சிவப்பில், தோளில் மாட்டிக்கொள்ளும் அகலமான பை. கூடவே இரண்டு கடிதங்கள். ஒன்று, வாங்கிய அம்மாள் எழுதியது: "ஏழே மாதத்தில் சாயம் போய்விட்டது. இது தோல்தானா, இல்லை தோல் மாதிரியா?" பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எடுத்த படம் ஒன்றையும் இணைத்திருந்தார். இன்னொன்று கம்பெனியின் கடிதம்: "தோலில் குறையில்லை, வாடிக்கையாளர் முறையாகப் பயன்படுத்தவில்லை என்று கருதுகிறோம். உங்கள் அறிக்கையைப் பார்த்து முடிவெடுப்போம்." ஒப்பிட்டுப் பார்க்க அதே வகையில் இரண்டு புதுப் பைகளையும் அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் மேலாளர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒரு பெயர் உண்டு, 'அப்புறம்'. விடுப்பு கேட்டாலும் அப்புறம், மின்விசிறி ஓடவில்லை என்றாலும் அப்புறம்.

"ரெண்டு நாள் வேலை. தேய்ச்சுப் பாத்துட்டு எழுதிடுங்க. அதிகமா யோசிக்காதீங்க. அதெல்லாம் அப்புறம்" என்றார்.

நான் பையை மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். தினமும் புழங்கிய பை தன் கதையைத் தானே சொல்லிவிடும். இதன் கைப்பிடிகள் கைபட்டுக் கறுத்திருந்தன. அடிமூலைகள் நான்கும் லேசாக வெளுத்திருந்தன; தரையில் வைக்கிற பழக்கம். உடம்பை ஒட்டியிருக்கும் பக்கம் உடை உரசி உரசி மெல்லிய பளபளப்பு ஏறியிருந்தது. உள்ளே சாவிக் கொத்து கிழித்த கோடுகள், ஒரு பேனா கசிந்த நீலம். எல்லாமே இயல்பு. சொல்லப்போனால், தினசரி உழைத்த பைக்கு இது நல்ல ஆரோக்கியம். தையல் ஒன்றுகூட விடவில்லை. ஜிப் வெண்ணெய் மாதிரி ஓடியது.

ஒரே ஒரு இடம்தான் இடித்தது. தோளில் மாட்டினால் முதுகுப்புறம் போகும் ஓரம் இருக்கிறதே, அதில் பாதி உயரத்துக்குக் கீழே, வெளிப்பக்கத்தில் முட்டை வடிவத்தில் ஒரு திட்டு. சிவப்பு முழுக்கப் போய் வெறும் தோல் தெரிந்தது. பையைத் திருப்பினால், அதே இடத்துக்கு நேர் பின்னால், உடம்புப் பக்கத்தில் நீளவாக்கில் இன்னொரு திட்டு. இரண்டுக்கும் நடுவில் ஓரம் நசுங்கி, அதன் மேல் பூசியிருந்த பூச்சு உதிர்ந்து போயிருந்தது. மற்ற இடமெல்லாம் ஏழு மாதம் என்றால், அந்த இடத்துக்கு மட்டும் ஏழு வருஷம் ஆகியிருந்தது.

முதலில் சாயத்தைச் சந்தேகித்தேன். புதுப் பைகளில் ஒன்றை வெட்டி, அந்த ஓரத்துத் தோலை இயந்திரத்தில் வைத்தேன். காய்ந்த கம்பளியில் ஆயிரம் தடவை, ஈரக் கம்பளியில் ஐந்நூறு தடவை. அசைந்துகொடுக்கவில்லை. அடுத்து, கை கழுவும் திரவமாக இருக்குமோ என்று பார்த்தேன். ஊற்றினால் சாயம் கரைந்தது உண்மைதான், ஆனால் அது வழிந்து ஓடி ஒழுங்கில்லாத கறையாக நின்றது. இந்தத் திட்டின் விளிம்போ யாரோ வரைந்த மாதிரி இருந்தது. வாசனைத் திரவம் தெளித்தேன், முகத்துக்குப் போடும் களிம்பு பூசினேன், எலுமிச்சைச் சாறுகூட விட்டேன். எதுவும் அந்த மாதிரி வரவில்லை.

கடைசியில் செயற்கை வியர்வையை எடுத்தேன். உப்பும் இன்னும் சில பொருள்களும் கலந்து கூடத்திலேயே தயாரிக்கிற திரவம் அது. என் பெண் இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து, "அப்பாவை ஒரு தடவை மாடி ஏறி இறங்கச் சொன்னா பக்கெட் பக்கெட்டா கிடைக்குமே, எதுக்கும்மா தயாரிக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த வியர்வையில் கம்பளியை நனைத்துத் தேய்த்தபோது, இரண்டாயிரத்தைத் தாண்டியதும் சிவப்பு மங்க ஆரம்பித்தது. அப்படியானால் கை. யாரோ ஒருவரின் கை அந்த ஓரத்தை நாள்தோறும் பிடித்திருக்கிறது.

யார், எதற்கு, எப்படி? எனக்குத் தூக்கம் வராத குறைதான். மேலாளரிடம் போய், வெட்டாத புதுப் பையை ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். அவர் ஏதோ கணினியில் மூழ்கியிருந்தார். "அப்புறம் கொண்டுவந்துடுங்க" என்றார். அவர் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்காக நான் சந்தோஷப்பட்டது அது ஒரு முறைதான்.

பேருந்தில் அந்தப் பையோடு போனது ஒரு தனி அனுபவம். வழக்கமாக என்னை இடித்துக்கொண்டு நிற்பவர்கள் அரையடி தள்ளி நின்றார்கள். நடத்துநர் 'மேடம்' என்றார். நானோ, பச்சைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவள் மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, யார் மூச்சும் படாமல் காப்பாற்றிக்கொண்டு வந்தேன். இதை அந்த அம்மாள் தினமும் தோளில் போட்டுக்கொண்டு, தரையில் வைத்து, சாவியை உள்ளே எறிந்து புழங்கியிருக்கிறார் என்று நினைத்தபோது அவர் மேல் ஒரு மரியாதை வந்தது.

வீட்டில் நுழைந்ததும் என் பெண் பையைப் பறிக்காத குறை. "அம்மா, ஒரே ஒரு தடவை!"

"தொட்டே, தொலைச்சுடுவேன். முதல்ல கையைக் கழுவிட்டு வா."

கழுவிக்கொண்டு வந்தாள். நான் படத்தில் இருந்தபடியே பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு கூடத்தில் நடந்தேன். என் இடது கை முன்பக்கமாகத்தான் பையை அணைத்தது. பின் ஓரத்தைப் பிடிக்க வேண்டுமானால் கையை முதுகுப்புறம் முறுக்க வேண்டியிருந்தது. வலது கை எட்டவே இல்லை. ஆக, இது மாட்டிக்கொண்டவர் கை இல்லை.

"நீ பின்னால வந்து பிடி" என்றேன் பெண்ணிடம். சின்னக் குழந்தை அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டே நடப்பது உண்டல்லவா. அவள் பின்னால் வந்து பிடித்தாள். அவள் கட்டைவிரலைப் பழைய பையின் திட்டோடு மனசுக்குள் ஒப்பிட்டேன். அளவெடுத்து வைத்திருந்தேன். பாதிகூட இல்லை.

என் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "இங்க வாங்க, இந்தப் பையைப் பிடிங்க" என்றேன்.

"எதுக்கு?"

"பிடிங்கன்னா பிடிங்க. என் பின்னால நடங்க."

"கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படி நடக்கவெக்கலையே" என்று முனகிக்கொண்டே என் இடப்பக்கம் பின்னால் வந்து, வலது கையால் ஓரத்தைப் பிடித்தார். நான் குனிந்து பார்த்தேன். கட்டைவிரல் வெளிப்பக்கம். மற்ற விரல்கள் உடம்புப் பக்கம். அச்சு அசல் அதே இடம். இடது கையால் பிடிக்கச் சொன்னேன். கட்டைவிரல் உள்பக்கம் போய்விட்டது. மறுபடி வலது கை. கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து மாடிப்படி என்று நடந்தோம். படி ஏறும்போது அவர் பிடி தானாகவே இறுகியது. விரல் கொஞ்சம் உருண்டு உரசியது. திட்டு எப்படி விழுந்தது என்று எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

எதிர்வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, "என்ன, ரயில் விளையாட்டா?" என்றார்.

என் வீட்டுக்காரர் விரலைவிட அந்த விரல் பெரியது. நல்ல பெரிய கை. ஒரு ஆண், வலது கையால், அந்த அம்மாளுக்குப் பின்னால் ஓரடி தள்ளி, ஏழு மாதமாக நடந்திருக்கிறார். காதலனா, மகனா, திருடனா என்று என் பெண் கதை கட்ட ஆரம்பித்துவிட்டாள். "தினமும் வர்ற திருடனாடி?" என்று அவள் வாயை அடைத்தேன்.

மறுநாள் காலை பழைய பையை நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். திட்டைச் சுற்றியிருந்த தையல் துளைகளில் மஞ்சள் நிறத்தில் மிக மெல்லிய தூள் அடைந்திருந்தது. ஊசி முனையால் எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், இழை இழையாக மரத்தூள். உப்புத்தாள் போட்டு இழைக்கும்போது வருகிற நைசான தூள். வியர்வையும் மரத்தூளும் சேர்ந்தால் கம்பளியைவிட நன்றாகத் தேய்க்கும். கூடத்துக்கு மரப்பெட்டி செய்து தரும் பட்டறையிலிருந்து கொஞ்சம் தூள் வாங்கி வந்து, வியர்வையில் குழைத்து இயந்திரத்தில் போட்டேன். நாலாயிரமாவது தடவையில் அதே வெறும் தோல், அதே நிறம். எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது.

அறிக்கை எழுத இது போதும். "கைப்பிடி அல்லாத இடத்தில் தொடர்ந்து பிடித்ததால் தேய்மானம். தோலில் குறை இல்லை." இரண்டே வரி. ஆனால் எதற்காகப் பிடித்தார் என்பது தெரியாமல் அந்த இரண்டு வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. பயன்படுத்திய விதம் பற்றி வாடிக்கையாளரிடம் விசாரிக்க எங்களிடம் ஒரு படிவம் உண்டு. யாரும் பயன்படுத்துவதில்லை. அதை வெளியே எடுத்து, அந்த அம்மாளுக்குப் போன் போட்டேன்.

"விசாரணையா? நான் நேர்லயே வர்றேன்" என்றார். குரலிலேயே சூடு தெரிந்தது.

அன்று மதியமே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். வீடு வாங்குவோருக்கும் விற்போருக்கும் நடுவில் நிற்கிற தரகர். நடையிலும் பேச்சிலும் ஒரு வேகம். தோளில் வேறு ஏதோ ஒரு சின்னப் பை. அவருக்குப் பின்னால் உயரமாக, அகலமான தோளோடு ஒருவர் வந்தார். "என் வீட்டுக்காரர். வர்ற வழியில கூட்டிட்டு வந்தேன்" என்றார் தரகரம்மா.

நான் வாசலில் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அது என் கண்ணில் பட்டது. அம்மாள் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். கணவர் பின்னால், இடப்பக்கம். வாசல் வெளிச்சத்திலிருந்து எங்கள் இருண்ட நடைக்குள் நுழைந்ததும் அவருடைய வலது கை எழும்பி முன்னால் நீண்டது. கட்டைவிரலும் விரல்களும் எதையோ கவ்வப் போவது போல விரிந்தன. அங்கே ஒன்றும் இல்லை. சின்னப் பை மேலே தோளோடு ஒட்டியிருந்தது. கை ஒரு கணம் காற்றில் துழாவிவிட்டுக் கீழே இறங்கியது. இரண்டு எட்டு வைப்பதற்குள், பாதி திறந்திருந்த அலமாரிக் கதவில் தோள் மோதிவிட்டது.

"கதவை இப்படியா திறந்து வெப்பாங்க?" என்று கதவைத் திட்டினார்.

"அவரு அப்படித்தான். ஆகாசத்தைப் பாத்து நடப்பாரு" என்றார் அம்மாள் திரும்பாமலே.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

இருவரையும் உட்கார வைத்தேன். தேநீர் வந்தது. பையை மேசையில் வைத்துத் திட்டைக் காட்டினேன். "அக்கா, சாயத்துல குறை இல்ல. இந்த இடத்தை யாரோ தினமும் பிடிச்சிருக்காங்க."

"யாரு பிடிப்பாங்க? என் பையை நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். என் பொண்ணு கேட்டே குடுக்கல."

"எடுக்கல. நீங்க மாட்டிட்டு நடக்கும்போது, பின்னாலேர்ந்து பிடிச்சிருக்காங்க."

அம்மாள் சிரித்தார். "நல்லா இருக்கே கதை! என் பின்னால ஒருத்தன் பையைப் பிடிச்சிட்டு வர்றான், எனக்குத் தெரியாதா?"

"காலி வீடு காட்டப் போகும்போது தனியாத்தான் போவீங்களா?"

"சாயங்காலமானா இவரு கூட வருவாரு. அலமாரி, கதவெல்லாம் எப்படியிருக்குன்னு பாத்துச் சொல்லுவாரு. மர வேலைல இவருக்குத் தெரியாதது…" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திக்கொண்டார்.

அவர் கணவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்த அவருடைய கட்டைவிரலை நான் பார்த்தேன். அளவெடுக்கத் தேவையே இருக்கவில்லை.

"என்னங்க?" என்றார் அம்மாள்.

"நான்தான்" என்றார் அவர். "கூட்டத்துல தவறிடக் கூடாதேன்னு பிடிச்சிருப்பேன்."

"காலி வீட்டுல என்னங்க கூட்டம்?"

எழுந்து வெளியே போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியது. ஒரு திட்டு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். இரண்டு பேரின் வீட்டுக்குள் கால் வைத்துவிட்டேன். ஆனால் எழுந்தால் அதைவிட அசிங்கம்.

"படியெல்லாம் இருட்டா இருக்கு" என்றார் அவர் மெதுவாக. "நீ விறுவிறுன்னு ஏறிப் போயிடுவே. எனக்குக் கீழ்ப்படி தெரியறதில்ல. பையைப் பிடிச்சிக்கிட்டா, அது ஏறுறதை வெச்சுப் படி எங்கன்னு தெரியும்."

"எவ்வளவு நாளா?"

"வருஷம் இருக்கும். பழைய பை துணிப் பை. அதுல தெரியல."

அம்மாள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். தன் வலது கையை அவர் காதுக்கு நேராக, ஓர் அடி தள்ளி நீட்டினார். "நேரா என்னைப் பாருங்க. எத்தனை விரல்?"

"எங்க விரல்?"

கையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார். "இப்போ?"

"எதைக் கேக்கறே?"

இன்னும் முன்னால் வந்தது கை. கிட்டத்தட்ட அவர் மூக்குக்கு நேராக வந்த பிறகுதான், "ரெண்டு" என்றார்.

அம்மாளின் கை அப்படியே நின்றது. பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டார். "அதனாலதான் தோள் வலின்னு சொல்லி பட்டறையில மிஷின் வேலையை உங்க தம்பிகிட்டக் குடுத்தீங்களா?"

அவர் தலையாட்டினார். "ஒரு நாள் பலகை அறுத்துட்டிருந்தேன். வாள் பக்கத்துல என் இடது கை இருந்தது. எனக்கு அது தெரியல. என் கைதான், எனக்குத் தெரியல. வாளோட காத்து பட்டுத்தான் இழுத்துக்கிட்டேன். அன்னிக்கோட விட்டுட்டேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே! பையைப் பிடிக்கத் தெரிஞ்சுது, என் கையைப் பிடிக்கத் தெரியலையா?"

"கையைப் பிடிச்சா ஏன்னு கேப்பே" என்றார் அவர். "பை கேக்காது."

அம்மாளுக்கு அழுகையா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். சட்டென்று எழுந்து, "கிளம்புங்க. கண்ணாஸ்பத்திரி அஞ்சு மணி வரைக்கும் இருக்கும்" என்றார். கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பட்டறையைப் பத்திப் பேசுனா இங்கயே சத்தம் போடுவேன்." போகும்போது கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தார் என்பதைவிட இழுத்துக்கொண்டு போனார் என்பதுதான் சரி. படிவம் மேசைமேல் வெறுமையாகவே கிடந்தது.

மேலாளர் வந்து, "என்ன ஆச்சு? ரெண்டு நாள் வேலை நாலு நாள் ஆச்சே" என்றார். நடந்ததைச் சொன்னேன். வழக்கத்துக்கு மாறாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எங்க மாமாவும் இப்பல்லாம் நிறைய இடிச்சிக்கிறாரு" என்றார். அன்று சாயங்காலம் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பிப் போனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அறிக்கையில் 'முறையற்ற பயன்பாடு' என்ற சொல்லை நான் எழுதவில்லை. தோலில் குறையில்லை என்றும், ஒருவர் மற்றொருவரைப் பின்தொடர்ந்து நடக்கையில் இந்த ஓரத்தைப் பிடித்ததால் வந்த தேய்மானம் என்றும், பையின் மற்ற பாகங்கள் தினசரிப் புழக்கத்தை நன்றாகவே தாங்கியிருக்கின்றன என்றும் எழுதினேன். கம்பெனி, பையை மாற்றித் தர முடியாது, வேண்டுமானால் சாயம் பூசித் தருகிறோம் என்று பதில் போட்டது.

பத்து நாள் கழித்துத் தரகரம்மா போன் செய்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பு பட்டுப்போய், பார்வை ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே வந்திருக்கிறதாம். போன பார்வை போனதுதான், திரும்பாது. ஆனால் நடுவில் மிச்சமிருப்பதைச் சொட்டு மருந்தாலும் லேசர் சிகிச்சையாலும் காப்பாற்றப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் அதுவும் கையை விட்டுப் போயிருக்கும் என்றும் சொன்னாராம். வாள் மிஷினைத் தொடவே கூடாது. "ரெண்டு நாள் சாப்பிடாம உக்காந்திருந்தாரு. மூணாம் நாள் நானே பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனேன். இப்போ மெருகு வேலை மட்டும் பாக்குறாரு. அது கைதானே, கண்ணு இல்லையே. ஆனா எரிஞ்சு எரிஞ்சு விழறாரு."

"சொட்டு மருந்து ஒழுங்கா விடறாரா?"

"நான் விடறேன். அவரு கண்ணை மூடிக்குவாரு. சின்னப் பிள்ளையா இருந்தா ரெண்டு போடலாம்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நீ சனிக்கிழமை சும்மா இருப்பியா? ஒரு பை வாங்கணும். எது உழைக்கும்னு உனக்குத்தான் தெரியும்" என்றார்.

"அந்தச் சிவப்புப் பை?"

"சாயம் பூசி என் பொண்ணுகிட்டக் குடுத்துட்டேன். அவளுக்குப் பின்னால யாரும் பிடிச்சிட்டு நடக்கல, இப்போதைக்கு."

சனிக்கிழமை காலை கடைத்தெருவில் சந்தித்தோம். கண்ணாடிக் கதவும் குளிர்ந்த காற்றும் உள்ள பெரிய கடை. விற்பனைப் பெண் வரிசையாக எடுத்து அடுக்கினாள். நான் ஒவ்வொன்றிலும் ஓரத்தைத்தான் பார்த்தேன். ஓரத்தில் வெறும் பூச்சு பூசியதெல்லாம் வேண்டாம், தோலையே மடித்துத் தைத்ததாக இருக்க வேண்டும். மேலே கனமாகச் சாயப்பூச்சு உள்ளதெல்லாம் உரிந்து திட்டாகும். சாயம் தோலுக்குள் ஊறியது என்றால் உரியாது, கைபடக் கைபடக் கறுக்கும், அவ்வளவுதான். இதைச் சொன்னதும் விலை உயர்ந்தவை பாதி கழிந்துவிட்டன. விற்பனைப் பெண்ணின் முகம் லேசாக வாடியது.

"நடந்து காட்டுங்க அக்கா" என்றேன். தரகரம்மா பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

"நீங்க பிடிங்க அண்ணே."

அவர் கூச்சத்தோடு சுற்றுமுற்றும் பார்த்தார். பார்க்க முடிந்தவரை. "இத்தனை பேருக்கு நடுவுலயா?"

"ஏழு மாசம் என் முதுகுக்குப் பின்னால பிடிச்சீங்க. இப்போ என் முன்னாலேயே பிடிக்க வெக்கமா?" என்றார் அம்மாள்.

அவர் பிடித்தார். கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவே இருவரும் போய் வந்தார்கள். முதல் பை அவருக்கு மெத்தென்று வழுக்கியது. இரண்டாவது ரொம்ப விறைப்பு, அம்மாள் திரும்பினால் தகவல் வரவில்லை என்றார். 'தகவல்' என்றுதான் சொன்னார். நான்காவது பையில், "இது சரி. இவ யோசிக்கும்போதே தெரியுது" என்றார். கறுப்புக்கும் பழுப்புக்கும் நடுவில் ஒரு நிறம். பேர் தெரியாத கம்பெனி. விற்பனைப் பெண் என் காதருகே வந்து, "பை யாருக்கு மேடம்?" என்று கேட்டாள். எனக்கும் உடனே பதில் தெரியவில்லை. "அவங்க ரெண்டு பேரையும் கேளும்மா" என்றேன்.

கையையே பிடித்துக்கொள்ளலாமே என்று எனக்கு ஒரு கேள்வி இருந்தது. வெளியே வந்ததும் அம்மாளிடம் கேட்டும்விட்டேன். "வீட்டுல, தெருவுல எல்லாம் கைதான். வீடு காட்டப் போற இடத்துல ரெண்டு கையும் எனக்கு வேணும். சாவி, காகிதம், கதவு. அவருக்கும் நாலு பேர் முன்னால கையைப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போறது பிடிக்கல. பை இருக்கட்டும்" என்றார். "ஆனா இப்போ ஒவ்வொரு படிக்கும் வாயைத் திறந்து சொல்லணும்னு நான் சட்டம் போட்டிருக்கேன். அவரு மட்டும் என்ன, நானும் சொல்லணும்."

நான் ஒரு கண்டிஷன் போட்டேன். ஆறு மாதம் கழித்து அந்தப் பையை என்னிடம் கொண்டுவர வேண்டும். நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே தோலில் ஒரு துண்டு வாங்கி இயந்திரத்தில் பத்தாயிரம் தடவை தேய்த்துப் பார்த்துவிட்டேன், அந்தத் தோல் லேசாகக் கறுத்ததே தவிர அசையவில்லை. ஆனால் இயந்திரத்துக்கு நடக்கத் தெரியாது, படியேறத் தெரியாது, சண்டை போட்டுக்கொண்டே நடக்கவும் தெரியாது. இன்றோடு நாலு மாதம் ஆகிறது. போன வாரம் பேருந்து ஜன்னலிலிருந்து அவர்களைப் பார்த்தேன். அம்மாள் விறுவிறுவென்று முன்னால், அவர் பின்னால், பை நடுவில். கீழே இறங்கி ஓடிப்போய் அந்த மூலையை ஒரு பார்வை பார்த்துவிடலாமா என்று துடித்தது எனக்கு. அதற்குள் பேருந்து திரும்பிவிட்டது.